நான்கு பெண்களும் ஒரு பெயரும்

1912-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் முப்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் ஹகாரு ஹாஷிமோட்டோ. ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர். கழுத்து வீங்கி வந்த நான்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த தைராய்டு திசுவை அவர் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார. சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. சுரக்கும் செல்கள் உருமாறியிருந்தன. இடையில் நார்த்திசு படர்ந்திருந்தது. அதுவரை அறியப்பட்ட எந்தக் கழலையோடும் இது ஒத்துப்போகவில்லை, இது தனியொரு நோய் என்று அவர் எழுதினார்.

அந்த நால்வரும் பெண்கள். அவர்களுடைய நோய் இன்று உலகெங்கும் ஹாஷிமோட்டோ நோய் என்று அறியப்படுகிறது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயரைப் படித்தவர்கள், காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர். கண்டவரின் பெயர் நின்றது. கழுத்தைக் கொடுத்தவர்கள் மருத்துவ நூல்களில் 'நான்கு பெண்கள்' என்ற எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள்.

ஹாஷிமோட்டோவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சில ஆண்டுகளில் சொந்த ஊர் திரும்பி, ஊர் மருத்துவராகவே வாழ்ந்து, 1934-இல் டைஃபாய்டு கண்டு இறந்தார். என் அக்கறை வேறு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பாடமாக நடத்திக் கொண்டிருப்பவள் நான். தைராய்டு திசுப் பரிசோதனையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது பெயரிடுதலின் வரலாறாகவே எனக்குத் தெரிந்தது. ஒரு துளித் திசு 'தீங்கற்றது' என்றோ 'புற்று' என்றோ தானாகப் பேசுவதில்லை. நுண்ணோக்கி வழியே பார்க்கும் மனிதர் அப்படிச் சொல்கிறார். அவர் சொல்லும் சொல்லைக் கழுத்தில் தாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கழுத்தின் அழகுக்காக

இந்தச் சுரப்பிக்குப் பெயர் வந்த கதையிலேயே பெண் இருக்கிறாள். 1656-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்குத் தைராய்டு என்று பெயரிட்டார். இது என்ன வேலை செய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. வார்ட்டன் சில பயன்களை ஊகித்தார். அவற்றுள் ஒன்று, குரல்வளையைச் சுற்றியுள்ள பள்ளங்களை நிரப்பிக் கழுத்துக்குத் திரட்சியும் அழகும் தருவது. பெண்களுக்கு இது பெரிதாக அமைந்திருப்பதும் அதற்காகத்தான் என்று அவர் கருதினார். பெண்ணுடம்பில் விளங்காத உறுப்பைக் கண்டால் அதை அலங்காரம் என்று வகைப்படுத்துவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது!

அது அலங்காரமல்ல என்பதைக் கண்டுகொள்ள மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் அயோடின் குறைவால் கழலை மிகுதி. பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் மயக்கமருந்தும் கிருமிநீக்க முறையும் கைவந்த காலத்தில் கழலை அறுவையில் பெயர் பெற்றார். 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முழுச் சுரப்பியையும் எடுத்தார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் பிறகு அந்தச் சிறுமியின் வளர்ச்சி தடைப்பட்டது. உடம்பு ஊதி, அறிவு மந்தமானது. இதைக் கேள்விப்பட்ட கோக்கர், முழுச் சுரப்பியையும் இழந்தவர்களை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். 1883-இல் அவர் சொன்ன கணக்கு இது: மறுபடி பரிசோதிக்க முடிந்த 18 பேரில் 16 பேர் அதே போல நலிந்திருந்தார்கள். தன் அறுவையின் விளைவைத் தானே தேடிப் போய் வெளியிட்டது பெரிய காரியம். தைராய்டு ஆய்வுகளுக்காக 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதிலிருந்து மருத்துவம் ஒன்றைக் கற்றுக்கொண்டது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை வெட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வீக்கம் என்ன வகை என்று தெரிய வேண்டும். வகை தெரியத் திசு வேண்டும். திசு வேண்டுமானால் வெட்ட வேண்டும்! இந்தச் சுற்றில் சிக்கியவர்களில் ஹாஷிமோட்டோ நோய் கண்ட பெண்களும் உண்டு. கையால் தொட்டால் கல் போல இறுகியிருக்கும் சுரப்பி புற்றோ என்ற ஐயத்தில் வெட்டப்பட்டது. வெட்டிய பிறகே அது புற்றல்ல என்று தெரிந்தது.

அந்தச் சுற்றிலிருந்து அவர்களை விடுவித்ததில் ஒரு பெண்ணுக்குப் பங்கு உண்டு. டெபோரா டோனியாக், ஹாஷிமோட்டோவின் கட்டுரை வெளிவந்த அதே 1912-இல் ஜெனீவாவில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் முடித்து மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்னும் புரதம் மிகுந்திருப்பதும், சுரப்பியை எடுத்தபின் அது குறைவதும் அவர் கவனத்தில் பட்டன. 1956-இல் ஐவன் ராய்ட் முதலியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு மருத்துவத்தில் புதிய துறைக்கே வழி திறந்தது: இந்த நோயில் உடம்பின் காவல்படையே தன் சுரப்பியைத் தாக்குகிறது, தாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்திலேயே காணலாம். ஹாஷிமோட்டோ திசுவில் பார்த்த வெள்ளணுக் கூட்டத்துக்கு 44 ஆண்டுகள் கழித்து விளக்கம் கிடைத்தது. கத்தி செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டது.

ஊசி வந்த வழி

தைராய்டுக்குள் தனித்து எழும் கட்டிகளுக்கு ரத்தப் பரிசோதனை போதாது. தொட்டுப் பார்த்தே அறியக்கூடிய கட்டி, அயோடின் போதுமான நாடுகளில் பெண்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 1 சதவீதம் பேருக்கும் இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டிகளில் புற்றாக இருப்பவை 7 முதல் 15 சதவீதம்தான். மற்றவை கூழ் நிறைந்த முடிச்சுகளோ நீர்க்கட்டிகளோ தீங்கற்ற வளர்ச்சிகளோதாம். அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்க எல்லாக் கழுத்துகளையும் அறுப்பதா?

நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவரும் எட்வர்ட் எல்லிஸ் என்ற ஆய்வகப் பணியாளரும் 1930-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, உறிஞ்சி வரும் செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பூசிப் பார்ப்பது. அமெரிக்காவில் அது பரவலாகவில்லை. ஊசி போன தடத்தில் புற்று பரவிவிடும் என்ற அச்சம் ஒருபுறம், சிதறிய செல்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்ற ஐயம் மறுபுறம். ஸ்டாக்ஹோமில்தான் மெல்லிய ஊசி நிலைபெற்றது. தைராய்டு நோய்களுக்கு அதைப் பயன்படுத்துவது பற்றி யெர்சி ஐன்ஹார்னும் சிக்ஸ்டன் ஃபிரான்சேனும் 1962-இல் எழுதினார்கள். 'ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பார்த்தாங்க' என்று இன்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை அதுதான். மயக்கமருந்தும் தையலும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிறது. தேவையற்ற அறுவையிலிருந்து அது காப்பாற்றிய பெண்கள் ஏராளம்.

அந்த ஸ்லைடில் ஊற்றும் சாயத்திலும் ஒரு பெண்ணின் கதை ஒட்டியிருக்கிறது. செல்லின் உட்கருவைத் தெளிவாகக் காட்ட இந்தப் பரிசோதனையில் பயன்படும் சாயங்களில் ஒன்று பாப்பனிகோலாவு சாயம். கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறிய ஜார்ஜ் பாப்பனிகோலாவு உருவாக்கியது. அவருடைய மனைவி ஆண்ட்ரோமகி ஊதியமின்றி அவர் ஆய்வகத்தில் உழைத்தார். ஆண்டுக்கணக்காகத் தன் உடம்பிலிருந்தே செல் மாதிரிகளைக் கொடுத்தார். சாயத்தின் பெயரில் கணவரின் குடும்பப்பெயர் இருக்கிறது. அது அவருடைய பெயரும்தானே என்று சமாதானம் சொல்லலாம். யாரை நினைத்து அப்பெயரைச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அனாதைச் சிறுமியின் கண்

தைராய்டு புற்றுகளில் மிகுதியானது பாப்பிலரி வகை. பாப்பிலா என்ற லத்தீன் சொல்லுக்கு முலைக்காம்பு என்று பொருள். காம்புகள் போல நீட்டிக்கொண்டு வளரும் திசு என்பதால் அந்தப் பெயர். ஆனால் நோய்க்குறியியலாளர்கள் இன்று காம்பைவிட உட்கருவையே முதன்மையாகப் பார்க்கிறார்கள். உட்கரு பெரிதாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் காப்பிக்கொட்டை போலக் கோடு விழுந்து, உள்ளே வெறுமையாக வெளிறித் தெரியும். இந்த வெளிறிய உட்கருவுக்கு 'அனாதை ஆனியின் கண்கள்' என்று பெயர். 1924-இல் அமெரிக்க நாளிதழ்களில் ஹெரால்ட் கிரே வரையத் தொடங்கிய சித்திரத் தொடரின் நாயகி ஆனி, அனாதைச் சிறுமி. அவளுக்குக் கருவிழி வரையாமல் வெறும் வட்டமாகவே விட்டார் கிரே.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த வெறுமை உயிருள்ள செல்லில் இருப்பதன்று. திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வெட்டும்போது உண்டாவது. ஊசியில் எடுத்துப் பூசிய ஸ்லைடிலோ, அறுவையின் நடுவே உறையவைத்து வெட்டிய திசுவிலோ அது அப்படித் தெரிவதில்லை. ஆனாலும் அது பயனுள்ள தடயம். பார்க்கும் முறையும் சேர்ந்துதான் பார்க்கப்படும் பொருளை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஊசிக்கு எட்டாத இடமும் உண்டு. தைராய்டு ஃபாலிக்கிள் என்னும் சிறுசிறு குமிழறைகளால் ஆனது. அவை பெருகி உறைபோட்ட கட்டியாகும்போது, அது தீங்கற்றதா, ஃபாலிக்குலர் புற்றா என்பதைத் தனிச் செல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் செல்கள் ஒன்றுபோலவே இருக்கும். கட்டி தன் உறையைக் கிழித்து வெளியேறியிருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதே வேறுபாடு. அதைக் காணக் கட்டியை முழுதாக எடுத்து, உறையைச் சுற்றிலும் துண்டுகள் போட்டுப் பார்க்க வேண்டும். அதனால் பாதிச் சுரப்பியை எடுப்பது சிலருக்குச் சிகிச்சையாக அல்லாமல் பரிசோதனையாகவே நடக்கிறது.

எங்கள் கல்லூரியில் வணிகவியல் துறையின் மூத்த பேராசிரியை ஒருவர் ஒருநாள் தன் ஊசிப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நீங்கதானே தமிழ் டாக்டர்? இந்த வரியை மட்டும் தமிழ்ல சொல்லுங்க மேடம்" என்றார். 'ஏட்டிப்பியா ஆஃப் அன்டிடெர்மின்ட் சிக்னிஃபிகன்ஸ்' என்று இருந்தது. 2007-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரில் கூடிய வல்லுநர்கள், தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகைகளாக ஒழுங்குபடுத்தினார்கள். போதிய செல்கள் இல்லை என்பது முதல் வகை. தீங்கற்றது இரண்டாவது. புற்று ஆறாவது. இது மூன்றாவது வகை. "இயல்பிலிருந்து மாறியிருக்கு, ஆனா அதுக்கு என்ன பொருள்னு தீர்மானிக்க முடியலன்னு போட்டிருக்காங்க, மேடம்" என்றேன். "அப்ப அவங்களுக்கே தெரியலையா?" என்றார். "தெரியலன்னு மறைக்காம எழுதியிருக்காங்க. மறுபடி ஊசி போட்டுப் பாக்கலாம்னு அர்த்தம். புற்றுன்னு அர்த்தமில்ல." மூன்று நாள் தூங்காமல் இருந்த அவர், அன்றுதான் அந்தச் சொற்களைப் பயமில்லாமல் இன்னொரு முறை படித்தார். பரிசோதித்தவர்கள் நேர்மையாக எழுதிய ஒரு வரி, மொழி எட்டாததால் தண்டனைபோல வந்து சேர்ந்திருந்தது.

நகரும் கோடு

தெரியவில்லை என்று எழுதுவது நேர்மை. தெரியும் என்று எழுதும்போதும் வல்லுநர்கள் ஒத்துப்போகிறார்களா? 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் மிக்க பத்து நோய்க்குறியியலாளர்களிடம் 87 கட்டிகளின் ஸ்லைடுகளைக் கொடுத்தார்கள். பாப்பிலரிப் புற்றின் ஃபாலிக்குலர் வகை என்று பத்துப் பேரும் ஒருமித்துச் சொன்னது 39 சதவீதம்தான். ஒரே சுவடியை இரண்டு பதிப்பாசிரியர்கள் இரு பாடமாகப் படிப்பது எங்கள் துறையில் வழக்கம். அங்கே பாடவேறுபாடு அடிக்குறிப்பில் போய் அமரும். இங்கே அது ஒரு பெண்ணின் கழுத்தில் போய் அமர்கிறது.

அந்த வகையில் ஒரு பிரிவு உறைக்குள்ளேயே அடங்கி, எங்கும் ஊடுருவாமல் இருப்பது. உட்கரு புற்றைப் போல் இருப்பதால் அதையும் புற்று என்றே எழுதிவந்தார்கள். சுரப்பி முழுதும் எடுக்கப்பட்டது. பலருக்குக் கதிரியக்க அயோடினும் தரப்பட்டது. யூரி நிகிஃபரோவ் தலைமையில் ஏழு நாடுகளின் 24 நோய்க்குறியியலாளர்கள் இதை மறுபடி ஆராய்ந்தார்கள். தைராய்டு திசுவைப் படிப்பதில் உலகறிந்த பெண் வல்லுநரான வர்ஜீனியா லிவோல்சியும் அக்குழுவில் இருந்தார். ஊடுருவாத கட்டியுடைய 109 பேரை 10 முதல் 26 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்திருந்தார்கள். அனைவரும் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். 2016-இல் அந்தப் பெயரிலிருந்து 'கார்சினோமா' என்னும் புற்றுச் சொல்லை நீக்கிவிட்டார்கள். கட்டி மாறவில்லை, ஸ்லைடும் மாறவில்லை. பெயர் மாறியதும் சிகிச்சை மாறியது.

அதற்கு முன் அந்தப் பெயரைச் சுமந்தவர்களை நினைக்கிறேன். திருமணப் பேச்சிலும் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்திலும் பிள்ளை பெற்றுக்கொள்ளும் முடிவிலும் ஒரு சொல் எவ்வளவு கனக்கும் என்பதை நம் சமூகத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தேடினால் கிடைப்பது

1985-இல் ஃபின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை 2-3 மில்லிமீட்டர் தடிமனுக்கு அரிந்து பார்த்தார்கள். 36 பேரிடம் மிகச் சிறிய பாப்பிலரிப் புற்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை. தேடினால் மூன்றில் ஒருவரிடம் கிடைக்கும் என்றால், தேடத் தொடங்கினால் என்ன ஆகும்?

தென்கொரியா அதற்கு விடை தந்தது. 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் சிறு கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்றன மருத்துவமனைகள். 2011-இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அந்தப் புற்றால் இறப்போர் விகிதம் மட்டும் மாறவேயில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் அறுவை நடந்தது. 15,000-க்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுக் கணக்கைப் பார்த்தபோது, 11 சதவீதம் பேருக்குப் பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பழுதாகிக் கால்சியம் குறைந்திருந்தது. 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே கூடி இதை எதிர்த்துப் பேசினார்கள். அடுத்த ஓராண்டில் அறுவைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதில்தான் பெண்ணியம் பேச வேண்டிய இடம் இருக்கிறது. 12 பணக்கார நாடுகளில் இருபது ஆண்டுகளில், தேவையின்றித் தைராய்டு புற்று என்று கண்டறியப்பட்டவர்கள் பெண்களில் 4,70,000-க்கும் மேல், ஆண்களில் 90,000 என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் மதிப்பிட்டது. தைராய்டு புற்று பெண்களின் நோய் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கூற்றைச் சோதித்தது. 2 செ.மீ.க்கு உட்பட்ட பாப்பிலரிப் புற்று கண்டறியப்படுவோரில் ஓர் ஆணுக்கு நான்கு பெண்களுக்கு மேல் வருகிறார்கள். பிணக்கூறாய்வில் பார்த்தாலோ இருபாலாரிடமும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறது. இறப்பும் ஏறத்தாழச் சமம்.

இருப்பதில் சமம், கண்டுபிடிக்கப்படுவதில் நான்கு மடங்கு. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பம், களைப்பு, எடை, முடி உதிர்தல் என்று ஏதாவதொன்றுக்காகப் பெண் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். போகும்போதெல்லாம் 'தைராய்டும் பார்த்துடலாம்' என்கிறார்கள். பெண்ணின் வலியைக் காது கொடுத்துக் கேட்காத மருத்துவத்தை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவள் சொன்னதைக் கேட்காமல் ஸ்கேனில் தெரிந்ததை மட்டும் துரத்துவது அதே அலட்சியத்தின் மறுபக்கம்.

இப்படிச் சொல்வதால் கட்டியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஆகாது. வேகமாக வளரும் கட்டி, குரல் கம்முதல், விழுங்கச் சிரமம், கழுத்தோரத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். மெடுல்லரிப் புற்று குடும்பவழியில் வரக்கூடும். அனாபிளாஸ்டிக் வகை மிகக் கொடியது. சரியான நேரத்தில் எடுத்துப் பார்த்த திசுவால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. நாம் கேட்பது, பெயருக்கும் கத்திக்கும் நடுவே யோசிக்க நேரம் வேண்டும் என்பதுதான்.

அந்த நேரத்தைத் தரமுடியும் என்று ஜப்பானே காட்டியது. கோபே நகரின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி 1993 முதல், 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பாப்பிலரிப் புற்றை உடனே வெட்டாமல் ஸ்கேன் மூலம் கண்காணித்தார்கள். அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில், பத்தாண்டுகளில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. அவர்களுக்குப் பிறகு அறுவை செய்தார்கள். தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை.

மாணவிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் அம்மாவோ அத்தையோ கழுத்துக் கட்டிக்கான அறிக்கையைக் கொண்டுவந்தால், கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அழாதீர்கள். ஆறு வகையில் எது என்று பாருங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர், உறையைத் தாண்டியிருக்கிறதா, முழுதும் எடுக்க வேண்டுமா பாதி போதுமா, காத்திருந்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் ஸ்லைடையும் மெழுகுப் பிளாக்கையும் கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்குறியியலாளரிடம் காட்டுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். அந்த மெழுகுக்குள் இருப்பது உங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பு. அதற்கு இடப்படும் பெயரைப் பற்றிக் கேள்வி கேட்க அவளுக்கே முதல் உரிமை.